காலை ஒன்பது மணி ஆகியும் கதவு திறக்கவில்லை என்றால் யாருக்குத் தெரியும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 72, திருச்சி உறையூரில் 30 வருஷமாக ஒரே தெருவில் ஒரே வீடு. நீங்கள் பெங்களூரில். கோவைப் பக்கம் வயதானவர்களுக்கென்றே கட்டியிருக்கிற ஒரு வளாகத்தில் வீடு பார்த்துவைத்திருக்கிறீர்கள். ராப்பகலாக நர்ஸ், கட்டில் ஓரத்தில் அவசரப் பொத்தான், மூன்று வேளையும் சாப்பாடு. அப்பா வர மாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால் "இங்க அக்கம்பக்கம் நல்லா இருக்குப்பா" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அம்மாவோ, எதிர்வீட்டு அம்மாவின் விசாரணை தாங்க முடியவில்லை, போய்விடலாம் என்கிறார். அக்கம்பக்கம் என்பது நிஜமான காரணமா, இல்லை பழகிய இடத்தை விட்டுவர மனசு வராததற்கு அப்பா வைத்திருக்கிற பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். நர்ஸையும் பொத்தானையும் ஒரு தட்டில் வைத்தால், எதிர்த் தட்டில் வைக்கிற அளவுக்கு அக்கம்பக்கத்துக்கு எடை உண்டா என்பதுதான் கேள்வி.

உண்டு. நான் பிசியோதெரபிஸ்ட். 22 வருஷமாக திருச்சியிலும் சுற்றுப்பட்டிலும் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள், விழுந்த பயத்தில் நடக்கவே மறுப்பவர்கள், இவர்கள்தான் என் நாள் முழுக்க. அதனால் நான் பேசப்போவது மனசுக்கு இதமான அக்கம்பக்கத்தைப் பற்றி இல்லை, உடம்புக்கு ஏதாவது ஆன முதல் இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றி. வளாகத்தின் வாடகை, முன்பணம், ஒப்பந்தம் இதிலெல்லாம் என் யோசனை உங்களுக்கு உதவாது, அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

எனக்கு நூறு சதவீதம் நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு பக்கவாதம் வந்தால், அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்த நாலரை மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து இல்லை. "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்று டாக்டர் கேட்பார், அந்த நேரத்திலிருந்து. தனியாக இருக்கும் ஒருவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார், மனைவி போன பிறகு தனியாகவே இருந்தார். தினமும் காலையில் மோட்டார் போடுவார், டேங்க் நிரம்பியதும் நிறுத்திவிடுவார், ஒரு நாளும் தப்பியதில்லை. அன்றைக்குத் தண்ணீர் நிரம்பி, பக்கத்து வீட்டுச் சந்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சந்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, முதலில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் ஐந்து நிமிஷம் கழித்து, "சார் மோட்டாரை மறக்க மாட்டாரே" என்று தோன்றியிருக்கிறது. கூப்பிட்டார், சத்தம் இல்லை. மகனைக் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதிக்கச் சொன்னார். சமையலறைத் தரையில் வாத்தியார் கிடந்தார், வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணியிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கேள்வி வந்தபோது இந்த அம்மாதான் பதில் சொன்னார்: "ஆறு மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க வந்தப்ப, தம்பிக்குப் பரீட்சை என்னைக்குன்னு கேட்டாரு சார், பேச்சு தெளிவாத்தான் இருந்துச்சு." அப்போது மணி ஏழே முக்கால். ஸ்கேன் எடுத்து ஊசி போட்டார்கள். இன்றைக்கு அவர் கைத்தடியோடு கடைக்குப் போய் வருகிறார், தன் பெயரைத் தானே எழுதுகிறார்.

அதே வருஷம் இன்னொருவர், கிட்டத்தட்ட அதே வயது. நல்ல அடுக்குமாடி வீடு, கீழே வாட்ச்மேன், கேமரா எல்லாம் உண்டு. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மகளோடு போனில் பேசியதுதான் அவர் நன்றாக இருந்ததற்குக் கடைசி சாட்சி. மறுநாள் பதினொரு மணிக்கு வேலைக்கார அம்மா வந்து பார்த்தார். அவருக்கு உண்மையில் காலை பத்தரைக்குத்தான் வந்ததோ என்னவோ, சொல்ல ஆள் இல்லை. கணக்கு ராத்திரி ஒன்பதிலிருந்து ஓடியது, ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரைகூட கம்பி விட்டு அடைப்பை எடுக்கிறார்கள், ஆனால் அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை, இவருக்கும் பொருந்தவில்லை. இரண்டு பேரின் நிலைமைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் பக்கத்து வீட்டால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அடைப்பின் அளவு, இடம், சர்க்கரை, வயது என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஒருவருக்கு மருந்துக்கான கதவு திறந்தது, இன்னொருவருக்குத் திறக்கவே இல்லை. அதற்குக் காரணம் "ஆறு மணிக்குப் பேசினாரு" என்ற ஒரு வாக்கியம்.

பொத்தானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், வைப்பது நல்லதுதான். ஆனால் அதை நம்பி மற்றதை விடாதீர்கள். வயதானவர்கள் விழுவதில் பாதி ஆபத்து விழுந்ததில், மீதி ஆபத்து எழ முடியாமல் கிடப்பதில். சில்லென்ற பாத்ரூம் தரையில் நாலைந்து மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை நசுங்கி அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடம்பில் நீர் வற்றும், அழுத்தம்பட்ட இடத்தில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். எலும்பு முறிவை ஒட்டவைத்துவிடலாம், இவற்றிலிருந்து மீட்பதுதான் பாடு. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருஷம் பின்தொடர்ந்து 2008-இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. விழுந்தவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். அப்படித் தனியாக விழுந்து கிடந்தவர்களில் பொத்தான் வைத்திருந்தவர்களும் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. நான் போகும் வீடுகளிலும் இதேதான். பொத்தான் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும், ஆள் பாத்ரூமில் கிடப்பார். கையில் இருந்தாலும், ராத்திரி நேரத்தில் யாரைப் போய்த் தொந்தரவு செய்வது, நாமே எழுந்துவிடலாம் என்று பார்த்துப் பார்த்தே விடிந்துவிடும்.

பொத்தான் நீங்கள் கூப்பிட்டால்தான் வேலை செய்யும். பக்கத்து வீடு, நீங்கள் கூப்பிடாததையும் கவனிக்கும். எனக்குத் தெரிந்தவரை அக்கம்பக்கத்தின் மதிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. நாம் நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பாசமானவர், ஓடி வந்து உதவுகிறவர் என்று நினைக்கிறோம். பாசம் இருந்தால் சந்தோஷம், ஆனால் அது இரண்டாவது. உங்கள் வீட்டின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் முதல். எத்தனை மணிக்கு வாசல் தெளிப்பார்கள், பேப்பரை யார் எடுப்பார்கள், பின்பக்க விளக்கு எப்போது அணையும், மாமா வெள்ளிக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவார். வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் வழக்கம் மாறியது தெரியும்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 1995 ஜனவரி 17 விடியற்காலை 5:46-க்கு கோபே பகுதியில் வந்த பூகம்பத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை எடுத்தது ராணுவமோ தீயணைப்புப் படையோ இல்லை, வீட்டாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். பூகம்பம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில், அவாஜி தீவில் ஹொகுதான் என்றொரு சிற்றூர். அங்கே ஏறக்குறைய 300 பேர் வீட்டுக்கடியில் சிக்கினார்கள். உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து அன்றைக்கே அத்தனை பேரையும் தேடி எடுத்து முடித்துவிட்டார்கள். எப்படி முடிந்தது என்றால், எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாட்டி வடக்குப் பக்க அறையில்தான் படுப்பார் என்று தெரிந்தால் அங்கே மட்டும் தோண்டினால் போதும். இதைப் படித்த நாளிலிருந்து, புதிதாக ஒரு நோயாளி வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்: "தாத்தா எந்த ரூம்ல படுப்பாரு, தெரியுமா?" பழைய தெருக்களில் பாதிப் பேருக்காவது தெரிகிறது.

இனி கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமானதைச் சொல்கிறேன். அதே 1995 ஜூலையில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் கடும் வெயில், ஒரு வாரத்துக்குள் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள், பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று அடுத்தடுத்து இரண்டு பகுதிகள். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் நிறைய. நார்த் லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், சவுத் லான்டேலில் 4 பேர். தெருவில் கடையும் நடமாட்டமும் இருந்த இடத்தில் முதியவர்கள் வெளியே வந்தார்கள், வராதவர்களை யாராவது போய்ப் பார்த்தார்கள், ஆள் நடமாட்டம் செத்த இடத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே வெந்தார்கள் என்பது இதை ஆராய்ந்தவர் சொன்ன விளக்கம். இறப்பு எண்ணிக்கை உறுதியானது. விளக்கத்தைப் பற்றி அந்தத் துறையிலேயே சண்டை நடந்திருக்கிறது. 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்ததில், மனித உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. இதை வைத்து, பக்கத்து வீட்டு மாமி இருந்தால் ஆயுள் கூடும் என்று வாட்ஸாப்பில் சுற்றுவது தப்பு. அதில் குடும்பம், நண்பர்கள் எல்லாம் அடக்கம், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குத்தான் உறவு நிறைய இருக்கிறதோ என்ற கேள்வியும் முழுசாகத் தீரவில்லை. ஆகவே உங்கள் அப்பாவிடம் "இங்கே இருந்தால் அதிக நாள் இருப்பீர்கள்" என்று என்னால் சொல்ல முடியாது. விழுந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுவார் என்று சொல்ல முடியும்.

அம்மாவின் குறைக்கு வருகிறேன். அதை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். "என்ன இன்னைக்கு லேட்டு, யாரு வந்துட்டுப் போனா, பையன் ஏன் பொங்கலுக்கு வரல" என்று கேட்கிற எதிர்வீட்டு அம்மாவும், கதவு திறக்காததைப் பார்த்து ஓடி வரப்போகிற எதிர்வீட்டு அம்மாவும் ஒரே ஆள், ஒரே கண். ஒன்று வேண்டும் மற்றது வேண்டாம் என்று பிரித்து வாங்க முடியாது. இந்தக் கண்ணின் பாரம் ஆண்களைவிடப் பெண்கள் மேல்தான் அதிகம் விழுகிறது, அதனால் அப்பாவுக்குச் சுகமாக இருக்கும் தெரு அம்மாவுக்குச் சுமையாக இருப்பது சகஜம். முடிவு எடுக்கும்போது அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது. எதிர்வீடு மட்டும்தான் பிரச்சினையா, இல்லை சமையல், படி, தண்ணீர் எல்லாமே முடியாமல் போய் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு எதிர்வீட்டைச் சொல்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்கம்பக்கத்தால் முடியாததும் உண்டு. படுத்த படுக்கையானவரைக் குளிப்பாட்டுவது, ராத்திரி நாலு தரம் எழுப்பி பாத்ரூம் கூட்டிப்போவது, டயப்பர் மாற்றுவது, மறதி நோய் வந்தவர் தெருவில் இறங்கிப் போய்விடாமல் காப்பது, இதெல்லாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது, கட்டினால் ஒரு மாதத்தில் உறவும் கெடும். அந்த நிலைமைக்கு நர்ஸ்தான் வேண்டும். இன்னொன்று, 30 வருஷத் தெரு என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இப்போது 75 இருக்கும். அவர் பிள்ளைகளும் உங்களைப் போல வெளியூரில் இருப்பார்கள். அப்பா "அக்கம்பக்கம்" என்று சொல்லும்போது மனசில் இருப்பது 2005-இன் தெருவாக இருக்கலாம், நிஜத்தில் மூன்று வீடு பூட்டிக் கிடக்கலாம், ஒன்று பில்டர் கைக்குப் போயிருக்கலாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது காலையில் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே எண்ணுங்கள். காலை ஒன்பது மணி ஆகியும் இந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால், யார் யாருக்குத் தெரியவரும்? ஓடி ஏறிக் குதிக்க உடம்பில் தெம்பு உள்ளவர் அதில் எத்தனை பேர்? இரண்டு வீடாவது தேறினால் தெரு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் தேறவில்லை என்றால் அப்பா சொல்லும் காரணம் இப்போது இல்லை, அதை அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்ணும்போது வாடகைக்கு இருப்பவர்களையும் எண்ணுங்கள். நம் ஆட்கள் அக்கம்பக்கம் என்று சொல்லும்போது சொந்த வீட்டுக்காரர்களை, தங்கள் சாதிக்காரர்களை, தங்கள் மதத்தவரை மட்டும் மனசில் வைத்துப் பேசுவதை வீட்டுக்கு வீடு கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. மேலே சொன்ன வாத்தியார் வீட்டுச் சந்தில் பாத்திரம் தேய்த்த அம்மா, வாடகைக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. தெருவில் சிலர் அவர்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட யோசித்தவர்கள். வாத்தியார் மட்டும் அந்தப் பையனுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுத்தார், அதற்கு அந்த அம்மா வாரம் ஒரு தடவை முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தனுப்புவார். அந்தக் கொடுக்கல் வாங்கல் இருந்ததால்தான் சுவர் ஏறிக் குதிக்கத் தயக்கம் இல்லாமல் போனது. முன்பின் பழகாத வீடாக இருந்திருந்தால், "நமக்கெதுக்கு வம்பு" என்று மோட்டாருக்கு மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பார்கள்.

வயதானவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம், யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்பதைக் கௌரவமாக வைத்திருப்பார்கள். கேட்கச் சொல்லுங்கள். உறைமோர், கறிவேப்பிலை, கூரியர் வந்தால் வாங்கிவைப்பது, கரண்ட் பில்லை ஆன்லைனில் கட்டித் தருவது என்று சின்னதாகக் கேட்கிற வீட்டைத்தான் மற்றவர்கள் கவனத்தில் வைத்திருக்கிறார்கள். அதே அளவுக்குக் கொடுக்கவும் வேண்டும், வாங்கிக்கொண்டே இருப்பவர் ஒரு கட்டத்தில் கூச்சப்பட்டுக் கேட்பதை நிறுத்திவிடுவார். நீங்கள் ஊருக்கு வரும்போது அந்த இரண்டு வீட்டுக்கும் நேரில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள். மாதாமாதம் பணம் கொடுக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், அது வேலைக்காரர் உறவாக மாறிவிடும். ஆனால் ஆட்டோ, மருந்து என்று அவர்கள் கையிலிருந்து போட்டதை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

வளாகத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அங்கேயும் அக்கம்பக்கம் உண்டாகும், ஆனால் உண்டாக ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும், அதற்குக் காலில் தெம்பும் பேச்சில் தெளிவும் இருக்கும்போதே போக வேண்டும். விழுந்து எலும்பு முறிந்த பிறகு கூட்டிப்போனால் அங்கே அவர்கள் அறை எண்ணாகத்தான் இருப்பார்கள். இடம் மாறிய முதல் சில வாரங்களில், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் பழைய வீட்டுப் பாத்ரூம் இருந்த பக்கம் நடந்து சுவரில் மோதி விழுந்தவர்களுக்கு நான் சிகிச்சை கொடுத்திருக்கிறேன், அதனால் போனால் முதல் ஒரு மாதம் நீங்கள் கூட இருங்கள், இரவு விளக்கு போடுங்கள். இப்போது அப்பா நடக்கிறார், அம்மா சமைக்கிறார், இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் இரண்டு வீடு தேறினால் இன்னும் கொஞ்ச காலம் உறையூரிலேயே இருக்கட்டும் என்பேன். இருவரில் ஒருவர் மட்டும் என்றாகும்போதோ, மறதி தொடங்கும்போதோ திரும்ப யோசியுங்கள்.

இருக்கட்டும் என்று முடிவு செய்தால் சாவி விஷயத்தைக் கவனியுங்கள், இதில் எல்லோரும் தவறு செய்கிறார்கள். பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி கொடுத்துவைத்திருப்பார்கள், ராத்திரி உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வார்கள். அந்தச் சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாசல் கதவுக்கு வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு ஒன்று வைத்து, உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். பாத்ரூம் தாழ்ப்பாளையும் கழற்றுங்கள், கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் தள்ளித் திறக்க முடியாது. என்னென்ன மாத்திரை, எந்த டாக்டர், என்ன ரத்த வகை, எந்த மருந்து ஒவ்வாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதே தாளின் ஒரு நகலையும், 108-க்குச் சொல்ல வேண்டிய முழு விலாசத்தையும் பக்கத்து அடையாளத்தையும் அந்த இரண்டு வீட்டிலும் கொடுங்கள். வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் உங்களுக்குப் போன் போடுவதற்கு முன்னால் 108-க்குப் போடச் சொல்லுங்கள், கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுக்கும்போது அம்மாவையே எதிர்வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், சாவியை அம்மா கையாலேயே அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.